இமயமும் நம் பிள்ளைகளும்

(நமது சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று பேசுவதற்கு எடுத்துக்கொண்ட பொருள் இலக்கியமும் அன்று, சமயமும் அன்று. கடந்த இரண்டு திங்களாக நம் காலனியில் வீட்டுக்கு வீடு பேசப்பட்டுவரும் ஒரு செய்தியே அது. நம் பிள்ளைகள் நால்வர், ஆண்மக்கள் மூவரும் பெண் ஒருத்தியும், வருகிற ஆகஸ்டுத் திங்களில் லடாக் சென்று, மார்க்கா பள்ளத்தாக்கின் வழியே ஒரு வாரம் நடந்து, அதன் முடிவில் காங் யாட்சே என்னும் மலையின் இரண்டாம் சிகரத்தில் ஏறுவதென்று முடிவு செய்துள்ளனர். வழிகாட்டி, சமையற்காரர், சுமைக் குதிரைகள், கூடாரம் ஆகிய ஏற்பாடுகள் அனைத்தையும் செய்து தரும் நிறுவனம் ஒன்றுக்கு முன்பணமும் செலுத்திவிட்டனர். அச்சிகரத்தின் உயரம் ஏறத்தாழ 6,250 மீட்டர். நம் பழைய கணக்கிற் சொன்னால் இருபதாயிரம் அடிக்கும் மேல்.

இச்செய்தி கேட்டு நம் இல்லங்களில் இருவகை உணர்ச்சிகள் எழுந்துள்ளன. ‘பிழைக்க வந்த ஊரில் பிள்ளைகளுக்கு இந்த வீண் வேலை எதற்கு?’ என்று அஞ்சுவோர் ஒரு சாரார். ‘தமிழ்ப் பிள்ளைகள் இமயத்தில் கொடி நாட்டப் போகிறார்கள்’ என்று பெருமிதம் கொள்வோர் மற்றொரு சாரார். நமது செயற்குழு இரண்டாம் சாராரின் பக்கம் நின்று, சிகரத்தைத் தொட்டு வருபவருக்குப் பாராட்டு விழா நடத்திப் பொன்னாடை போர்த்துவதென்று தீர்மானமே நிறைவேற்றியிருக்கிறது. அச்சமும் இயல்பு, பெருமிதமும் இயல்பு. ஆனால் மலை எத்தகையது என்று அறிந்த பின்னர் அவ்விரண்டும் இருக்கவேண்டிய அளவில் இருக்கும். ஆகவே மலையைப் பற்றி நாம் கண்டும் கற்றும் அறிந்தவற்றைச் சொல்லி, இறுதியில் அத்தீர்மானத்தைக் குறித்து ஒரு விண்ணப்பம் செய்துகொள்ள விரும்புகிறோம். அந்நால்வரில் ஒருத்தி எங்கள் இல்லத்துப் பெண் என்பதை முன்னரே சொல்லிவிடுவதுதான் முறை.

இமயம் தமிழருக்குப் புதிதன்று. சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குச் சிலை எடுக்க இமயத்திலிருந்து கல் கொணர்ந்தான் என்று சிலப்பதிகாரம் கூறுவதைப் பள்ளிப் பிள்ளையும் அறியும். ஆனால் அதனினும் அண்மைக் காலத்துத் தொடர்பு ஒன்று உண்டு. அது நாம் பிறந்த நாட்டையும் நாம் வாழும் நகரத்தையும் ஒருங்கே பிணைப்பது. 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் வில்லியம் லாம்ப்டன் என்பவர் சென்னைப் பரங்கிமலைக்கருகே ஏழரை மைல் நீளமுள்ள ஒரு நேர்கோட்டைச் சங்கிலி வைத்து அளந்தார். நாடு முழுவதையும் முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரும் பணிக்கு அதுவே கால்கோள். 1808-இல் அவருடைய அரை டன் எடையுள்ள அளவைக் கருவியைத் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் ஏற்றுகையில் அது மோதிச் சிதைந்தது. லாம்ப்டன் சோர்ந்துவிடாமல் பல வாரம் உழைத்துத் தம் கையாலேயே அதனைச் செப்பனிட்டார். அந்த அளவைதான் அவர்க்குப் பின்னும் வடக்கு நோக்கி நடந்து, இமயத்தின் அடிவாரத்தை எட்டியது.

நேபாளத்திற்குள் நுழைய இசைவு கிடைக்காமையால், அளப்போர் நூறு மைலுக்கும் அப்பால் சமவெளியில் நின்றே சிகரங்களை அளந்தனர். பதினைந்தாம் எண் இட்ட சிகரத்தின் உயரம் 29,002 அடி என்று 1856-இல் அறிவிக்கப்பட்டது. அதுவே எவரெஸ்ட். அக்கணக்கோடு இணைத்துப் போற்றப்படும் ராதாநாத் சிக்தார் இந்நகரத்து ஜோராசாங்கோவில் பிறந்தவர். கணக்குப் பிரிவின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். அவர் மேசையின் முன் அமர்ந்து கூட்டியும் பெருக்கியும் உலகின் உச்சியைக் கண்டவர். எங்களைப் போன்ற குமாஸ்தாக்களுக்கு இதில் சிறிது பெருமை உண்டு. 2020-இல் நேபாளமும் சீனமும் சேர்ந்து அறிவித்த உயரம் 8,848.86 மீட்டர். இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு முப்பது அடி மட்டுமே.

இனி, நாம் வாழும் வங்காளம் மலையேற்றத்தைத் தன் குடும்பப் பழக்கமாகவே ஆக்கிக்கொண்ட நாடு. 1953-இல் தென்சிங் நார்கேயும் ஹில்லரியும் எவரெஸ்டின் உச்சியை அடைந்தனர். அடுத்த ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் டார்ஜீலிங்கில் இமாலய மலையேற்றப் பயிற்சி நிலையம் தோன்றியது. பிரதமர் நேருவும் முதலமைச்சர் டாக்டர் விதான் சந்திர ராயும் அதற்கு மூலகாரணர். களப்பயிற்சிக்குத் தென்சிங்கே தலைவர். 1960-இல் சுகுமார் ராய் என்பவரின் தலைமையில், ஆனந்தபஜார் பத்திரிகையின் ஆதரவுடன், இந்நகரிலிருந்து புறப்பட்ட குழு 6,309 மீட்டர் உயரமுள்ள நந்தா குண்டியின் உச்சியை அடைந்தது. சம்பளக்காரர்களும் மாணவர்களும் சங்கம் அமைத்து, சந்தா சேர்த்து, பூஜை விடுமுறையில் மலைக்குச் செல்லும் வழக்கம் இங்கே வேரூன்றியது. இன்றும் துர்கா பூஜைக்கு முதல் நாள் சியால்தா நிலையத்தில் நின்று பார்த்தால், முதுகுப்பையும் கைத்தடியுமாக வண்டியேறும் கூட்டத்தைக் காணலாம்.

பெண்பிள்ளை செல்லலாமா என்று கேட்போருக்கு ஒரு சொல். 1984-இல் பச்சேந்திரி பால் எவரெஸ்டின் உச்சியில் நின்றார். 2023 மே திங்களில் நம் விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த முத்தமிழ்செல்வி அங்கே நின்றார். தமிழ்நாட்டுப் பெண்களில் அவரே முதல்வர். ஆதலால் அக்கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. மலை ஆண் பெண் பார்ப்பதில்லை. தன்னை அறிந்து வந்தவரா, அறியாது வந்தவரா என்பதை மட்டுமே பார்க்கிறது.

ஆனால் நாணயத்தின் மறுபக்கத்தையும் காண்போம். நம் அண்டை ஊராகிய ஹௌராவின் சந்தா காயேன், 2013-இல் எவரெஸ்டையும் லோட்சேயையும் ஏறியவர். 2014 மே திங்களில் காஞ்சன்ஜங்காவின் உச்சியை அடைந்தபின், அதன் அருகிலுள்ள யாலுங் காங் சிகரத்துக்குச் செல்கையில் பனிச்சரிவில் இரு ஷெர்ப்பாக்களுடன் மறைந்தார். 2016-இல் எவரெஸ்டில் வங்காளத்தைச் சேர்ந்த மூவர் மாண்டனர். 2019-இல் காஞ்சன்ஜங்காவில் இருவர் மாண்டனர். இவர்கள் எவரும் அறியாதவர் அல்லர், அஞ்சியவரும் அல்லர். இவர்களுள் யாருடைய செயலையும் இங்கிருந்து நாம் எடைபோட முடியாது. அவர்தம் வீட்டு வாசலில் காத்திருந்தவர்களை மட்டும் நாம் நினைத்துப் பார்க்கலாம்.

மலைநடை வேறு, சிகரம் ஏறுதல் வேறு என்பதை முதலில் தெளிவு செய்துகொள்வோம். கடந்த பூஜை விடுமுறையில் நம் காலனியிலிருந்து ஒன்பது பேர் சந்தக்ஃபூ சென்று வந்தோம். அது 3,636 மீட்டர். மேற்கு வங்காளத்தின் மிக உயர்ந்த இடம். நியூ ஜல்பைகுரியில் இறங்கி, ஜீப்பில் மானேபஞ்சன் சென்று, அங்கிருந்து வழிகாட்டியுடன் நடந்தோம். சிங்கலீலா தேசியப் பூங்காவினுள் வழிகாட்டி இன்றிச் செல்லலாகாது என்பது விதி. தும்லிங், காலாபோக்ரி என்று இரவுக்கு ஓரிடமாகத் தங்கி மூன்றாம் நாள் உச்சியை அடைந்தோம். மறுநாள் விடியலில் காஞ்சன்ஜங்கா மலைக்கூட்டம் புத்தர் துயில்வது போலக் கிடந்து, கும்பகர்ணன் என்னும் சிகரம் அவர் முகமாகச் சிவந்ததைக் கண்டபோது, எங்களுள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மேற்கே மக்காலுவும் லோட்சேயும் எவரெஸ்டும் சிறு பற்களைப் போல் தெரிந்தன.

தாய்மார்களுக்கு ஒரு செய்தி. அவ்வுயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 88 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. கொதிக்கிறது, ஆனால் சூடு போதாது. ஆகவே குக்கர் இன்றிப் பருப்பு வேகாது. நீங்கள் கட்டிக்கொடுத்த முறுக்கும் புளிக்காய்ச்சலும் எங்களைக் காப்பாற்றின. வழிகாட்டிக்கு முறுக்கு மிகவும் பிடித்துவிட்டது.

இது மலைநடை. பாதை உண்டு, கூரை உண்டு, காலுக்கு மண் உண்டு. பசி, குளிர், கால்வலி இவற்றைப் பொறுத்தால் போதும். சிகரம் ஏறுதல் அவ்வாறன்று. நள்ளிரவில் எழுந்து, தலையில் விளக்குக் கட்டி, காலணியின் அடியில் ‘கிராம்பான்’ என்னும் இரும்பு முட்களைப் பூட்டி, கையில் பனிக்கோடரியுடன், ஒருவரோடொருவர் கயிற்றால் பிணைத்துக்கொண்டு நடக்கவேண்டும். வெயில் ஏறினால் பனி இளகிக் கால் புதையும், கல் உருளும். ஆகையால் முற்பகலிலேயே உச்சி கண்டு இறங்கத் தொடங்கிவிட வேண்டும். காங் யாட்சேயின் அடிமுகாம் ஏறத்தாழ 5,100 மீட்டர். அங்கிருந்து உச்சி 1,100 மீட்டருக்கும் மேலே. அதனை ஒரே மூச்சில் ஏறி, அன்றே இறங்கியும் ஆகவேண்டும். நம் பிள்ளைகள் எடுத்துக்கொண்டிருப்பது இவ்விரண்டையும் ஒன்றாகக் கோத்த பயணம். முதல் வாரத்து நடை இரண்டாவதற்கு உடலைப் பழக்குவதற்காகவே அமைந்தது. இதை உணராமல் ‘நடை வீண், சிகரம் மட்டும் போதும்’ என்று நாள்களைக் குறைப்போர் உளர். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

அது எவ்வாறு என்று காண்போம். கொல்கத்தா கடல் மட்டத்திலிருந்து பத்து மீட்டர் உயரம்கூட இல்லாத ஊர். லே நகரமோ சுமார் 3,500 மீட்டர். காலையில் இங்கே காபி அருந்தி விமானமேறுபவர் அன்றே அங்கே இறங்கிவிடலாம். விமானம் சில மணி நேரத்தில் ஏறிவிடுகிறது. உடம்பு அவ்வளவு விரைவாக ஏறுவதில்லை. உயரம் செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறைகிறது. 5,500 மீட்டரில் அது கடற்கரையில் உள்ளதில் பாதி. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு அந்த அளவுக்குக் குறைந்துவிடுகிறது. உடம்பு அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும். ஆனால் அதற்கு நாள்கள் வேண்டும். நாள் கொடாவிடில் முதலில் தலைவலி, குமட்டல், உறக்கமின்மை, சோர்வு. இது மலைநோயின் முதற்படி. அதனைப் பொருட்படுத்தாமல் மேலும் ஏறினால், சிலருக்கு மூளை வீங்கி நடை தள்ளாடும். சிலருக்கு நுரையீரலில் நீர் கோத்து, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறும். இரண்டும் ஓரிரு நாளில் உயிரைப் போக்கவல்லவை.

இளமையும் உடல்வலியும் இதனைத் தடுக்கும் என்று எண்ணுவோர் உண்டு. 1960-களில் சமவெளியிலிருந்து விரைவாக உயர்ந்த மலைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்ட நம் போர்வீரர் 1,925 பேரை ஆராய்ந்து இந்தர் சிங் முதலிய இந்திய ராணுவ மருத்துவர்கள் 1969-இல் வெளியிட்ட ஆய்வு உலகப் புகழ் பெற்றது. ஓடவும் சுமக்கவும் பழகிய அவ்வீரர்களே நோயுற்றனர். மற்றொரு சான்று இன்னும் நெருங்கியது. டார்ஜீலிங் நிலையத்தின் முதல் முதல்வராயிருந்த மேஜர் நரேந்திர தர் ஜயால், நாடறிந்த மலையேறி. 1958-இல் சோ ஓயு சிகரத்துக்குச் சென்ற இந்தியக் குழுவோடு தாமதமாகச் சேர்ந்தவர், முன்சென்றவர்களை எட்டுவதற்காக விரைந்து ஏறினார். அங்கேயே நுரையீரல் நோயால் மாண்டார். பிறர்க்குக் கற்பித்த ஆசானுக்கே மலை விலக்கு அளிக்கவில்லை.

இதற்கு மருந்து நேரமே. மூவாயிரம் மீட்டருக்கு மேல், இன்று உறங்கும் இடம் நேற்று உறங்கிய இடத்தைவிட ஐந்நூறு மீட்டருக்கு மிகாமல் இருக்கவேண்டும். மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை ஏறாமல் தங்கவேண்டும். பகலில் சற்று உயர ஏறிப் பார்த்துவிட்டு, இரவில் இறங்கி வந்து உறங்குவது நன்று. இது பின்னடைவு போலத் தோன்றும். ரயில்வேயில் பணிபுரியும் நமக்கு இது எளிதில் விளங்கும். நீலகிரி ரயில் பன்னிரண்டுக்கு ஒன்று என்னும் செங்குத்தான ஏற்றத்தைப் பற்சக்கரத்தால் பற்றிக்கொண்டு ஏறுகிறது. டார்ஜீலிங் ரயிலுக்குப் பற்சக்கரம் இல்லை. அது சில இடங்களில் முன்னே சென்று நின்று, பின்னோக்கி ஏறி, மறுபடி முன்னே செல்கிறது. புதிதாக வருகிற பயணி ‘வண்டி திரும்பிப் போகிறதே’ என்று திடுக்கிடுவார். அப்படிப் பின்னே போய்ப் போய்த்தான் அச்சிறிய வண்டி 2,258 மீட்டர் உயரத்திலுள்ள கூம் நிலையத்தை அடைகிறது. 1881 முதல் அது அவ்வாறே ஏறிக்கொண்டிருக்கிறது.

இனி வழிகாட்டியைப் பற்றிச் சொல்லவேண்டும். சந்தக்ஃபூ செல்லும் வழியில் எங்களுள் மூத்த அன்பர் ஒருவருக்குக் காலாபோக்ரியில் இரவு முழுதும் தலைவலி, விடிந்ததும் வாந்தி. அவரோ, ‘இவ்வளவு தூரம் வந்துவிட்டேன், இன்னும் ஆறு கிலோமீட்டர்தானே?’ என்றார். எங்கள் வழிகாட்டி இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க நேபாளி இளைஞர். நடக்கும்போதெல்லாம் ‘பிஸ்தாரை, பிஸ்தாரை’, அதாவது மெல்ல, மெல்ல, என்பதைத் தவிர வேறு பேச்சறியாதவர். அவர் வாதாடவில்லை. அன்பரின் மூட்டையை எடுத்து, இறங்கிச் செல்லும் ஜீப்பில் வைத்துவிட்டு, அதன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அன்று மாலையே அடிவாரத்தில் அன்பருக்குத் தலைவலி நீங்கிச் சோறும் இறங்கியது. சந்தக்ஃபூவுக்கு ஜீப் வழி உண்டு. காங் யாட்சேயின் பனிச்சரிவில் அது கிடையாது. ஆகவே அங்கே அந்தச் சொல் இன்னும் முந்திச் சொல்லப்படவேண்டும், இன்னும் விரைந்து கேட்கப்படவேண்டும்.

வழிகாட்டியின் சொல்லைக் குறித்து மலையேற்ற வரலாற்றில் துயரமான நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1951-இல் ஜார்ஜ் ஃபிரே என்னும் சுவிட்சர்லாந்து நாட்டவர் சிக்கிம் எல்லையிலுள்ள கோக்தாங் சிகரத்தில் ஏறினார். உடன் சென்றவர் தென்சிங். சரிவு தொடங்குமுன் தாம் கிராம்பான் பூட்டிக்கொண்டு, அவரையும் அணியுமாறு கேட்டதாகவும், வேண்டாம் என்று அவர் மறுத்ததாகவும் தென்சிங் தம் வரலாற்றில் கூறியுள்ளார். சிறிது நேரத்தில் ஃபிரே சறுக்கி வீழ்ந்து மாண்டார். பிடிக்க முயன்ற தென்சிங்கின் விரல் முறிந்தது. டார்ஜீலிங் நிலையத்தின் மாணவர்கள் பயிலும் சௌரிக்காங் முகாமுக்கருகே இன்று ஃபிரே சிகரம் என்று ஒரு மலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதைப் பார்த்தவாறுதான் ஒவ்வோர் ஆண்டும் புதிய மாணவர்கள் கிராம்பான் பூட்டக் கற்றுக்கொள்கிறார்கள்.

வழிகாட்டியும் ஒரு தாயின் மகனே என்பதையும் மறத்தலாகாது. 2014 ஏப்ரல் 18-ஆம் நாள் எவரெஸ்டின் கும்பூ பனிவீழ்ச்சியில் ஒரே காலையில் மாண்ட பதினாறு பேரும், பிறர் ஏறுவதற்காக வழி செய்யவும் சுமை தூக்கவும் சென்ற நேபாளத் தொழிலாளர்களே. நாம் கொடுக்கும் பணத்தில் அவர்களுக்கு உரிய கூலியும், குளிருக்கு ஆடையும், காப்பீடும் அடங்கியிருக்கிறதா என்று கேட்பது நம் கடமை. மலிவான ஏற்பாடு எங்கோ ஒருவர் முதுகில் ஏறித்தான் மலிவாகிறது.

திரும்புதல் தோல்வி என்ற எண்ணத்தைப் பற்றி இனிச் சொல்வோம். 1955 மே 25-ஆம் நாள் பிரிட்டிஷ் குழுவைச் சேர்ந்த ஜோ பிரௌன், ஜார்ஜ் பேண்ட் என்னும் இருவர் உலகின் மூன்றாம் பெருமலையாகிய காஞ்சன்ஜங்காவை முதன்முதல் ஏறினர். அம்மலை சிக்கிம் மக்களுக்குத் தெய்வம். ஆதலால் உச்சியை மிதிப்பதில்லை என்று சிக்கிம் மன்னருக்கு வாக்களித்திருந்தனர். அவ்வாக்கின்படி உச்சிக்குச் சில அடி கீழேயே நின்று திரும்பினர். அவர்கள் ஏறவில்லை என்று இன்றுவரை உலகில் எவரும் சொன்னதில்லை. நம் அப்பரடிகளின் வரலாறும் இதனையே காட்டுகிறது. கயிலை காணாமல் திரும்பேன் என்று கால் தேய்ந்து, மார்பு தேய்ந்து, ஊர்ந்து சென்ற அவரை, இறைவன் ஒரு பொய்கையில் மூழ்கச் செய்து திருவையாற்றில் எழச் செய்தான். கயிலைக் காட்சி அங்கேயே கிடைத்தது என்கிறது பெரிய புராணம். திரும்பியவருக்கு மலை கிடைக்காமற் போவதில்லை.

ஆகவே இப்பயணத்தைத் தடுக்கவேண்டாம் என்பது எமது கருத்து. ஆனால் பெற்றோர் சார்பில் சில கேள்விகளைக் கேட்டுத் தெளிவோம். முதலாவது, ஒவ்வோர் இரவும் உறங்கும் இடத்தின் பெயரும் உயரமும் எழுதிய அட்டவணை வேண்டும். ரயில் கால அட்டவணையைப் போல அதனைச் சுவரில் ஒட்டிவைப்போம். லே நகரில் ஏறாமல் தங்கும் நாள் மூன்றேனும் இல்லாவிடில் முன்பணம் போனாலும் போகட்டும். இரண்டாவது, வழிகாட்டிகள் டார்ஜீலிங்கிலோ உத்தரகாசியிலோ, அல்லது அவற்றை ஒத்த நிலையத்திலோ பயின்றவர்களா, எத்தனை பேருக்கு எத்தனை வழிகாட்டிகள், சிகரத்துக்கு உரிய அனுமதி பெறப்பட்டதா என்று எழுத்தில் பெறவேண்டும். மூன்றாவது, பிராணவாயு உருளையும் வேண்டிய மருந்துகளும் உடன் செல்கின்றனவா என்று அறியவேண்டும். நான்காவது, பிள்ளைகள் நால்வரும் புறப்படுமுன் நம் காலனி மருத்துவரிடம் சோதித்துக்கொள்ள வேண்டும். சாதாரணக் காப்பீடு மலையேற்றத்துக்குச் செல்லுமா என்பதையும் கேட்டறியவேண்டும். ஐந்தாவது, உச்சிக்குச் செல்லும் நாளில் எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதைக் கீழேயே முடிவு செய்துவிட வேண்டும். அந்த மணி அடித்தால் உச்சி பத்தடி தொலைவில் இருந்தாலும் திரும்பவேண்டும்.

பிள்ளைகளுக்கும் மூன்று சொற்கள். உயரத்தில் வரும் நோவு எதுவாயினும், வேறு காரணம் தெளிவாகும்வரை அது மலைநோயே என்று கொள்ளுங்கள். நோவுடன் ஒருபோதும் மேலே உறங்கப் போகாதீர்கள். நோவு மிகுந்தால், இரவானாலும் இறங்குங்கள். தோழர் மறைக்கிறார் என்று ஐயமுற்றால், குதிகாலை மறுகாலின் விரலோடு சேர்த்துவைத்து ஒரு நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் அவரை இறக்குவது உங்கள் கடமை.

இவையெல்லாம் அவர்கள் செய்யவேண்டியவை. நாம் செய்யவேண்டியது ஒன்று உண்டு; அதுவே அனைத்தினும் கடினமானது. மலையில் தலைவலியோடு நிற்கும் பிள்ளையின் மனத்தில் அவ்வேளை என்ன ஓடும் என்று எண்ணிப் பாருங்கள். செலவழித்த பணம் ஓடும். வழியனுப்ப வந்தவர்களின் முகங்கள் ஓடும். ‘என்ன, பாதியில் திரும்பிவிட்டாயா?’ என்று நம் படிக்கட்டில் யாரோ கேட்கப்போகும் கேள்வி ஓடும். நாம் போர்த்துவதாகச் சொன்ன பொன்னாடையும் ஓடும். அவர்கள் முதுகுப்பையின் எடையை வழிகாட்டி நிறுத்துப் பார்த்துக் குறைத்துவிடுவார். நாம் இங்கிருந்து ஏற்றி அனுப்பும் இந்தச் சுமையை நிறுத்துக் குறைக்க அங்கே யாரும் இல்லை. நாமே அதனை இறக்கிவைக்க வேண்டும்.

எனவே செயற்குழுவினரை மிகப் பணிவுடன் வேண்டிக்கொள்கிறோம். சிகரம் தொட்டவர்க்குப் பொன்னாடை என்ற தீர்மானத்தை மாற்றி, சென்று திரும்பிய நால்வர்க்கும் பொன்னாடை என்று எழுதுங்கள். லேயில் இருந்தே திரும்பினாலும் அது உண்டு. உச்சியைத் தொட்டாலும் அதற்கு மேல் இல்லை. தோழர் ஒருவரை இறக்குவதற்காகத் தன் சிகரத்தை விட்டவர் எவரேனும் இருப்பின் அவரை முதலில் மேடைக்கு அழையுங்கள். இத்தீர்மானத்தை அவர்கள் புறப்படுமுன்னரே அவர்கள் கையில் எழுத்தில் கொடுங்கள். ‘ஏன் திரும்பினாய்?’ என்று நம் காலனியில் ஒருவரும் கேட்பதில்லை என்று நாம் ஒவ்வொருவரும் இங்கேயே உறுதி கொள்வோம்.

எங்கள் வீட்டுப் பெண்ணிடம் இதனைச் சொல்லிவிட்டோம். அவள் சிரித்துக்கொண்டே, ‘அப்படியென்றால் நான் நிம்மதியாக ஏறலாம், அப்பா’ என்றாள். அந்நிம்மதியை நால்வர்க்கும் அளிப்பது இச்சங்கத்தின் கையில் இருக்கிறது.

 நம் பிள்ளைகள் நலமே சென்று நலமே வருக.